ஆறாவது சீப்ரா

புது வீட்டுக்குக் குடிபோன அன்று வந்த பரிசுகளில் பாதிக்கு மேல் சுவர்க்கடிகாரங்களும் பிளாஸ்டிக் வாளிகளும்தான். ஜெயந்தினியின் தம்பி துஷாந்த் மட்டும் கொழும்பிலிருந்து ஒரு கண்ணாடி மீன்தொட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான். ஒன்றரை அடி நீளம் இருக்கும். மூடி, சின்ன விளக்கு, தண்ணீரைச் சுத்தமாக்கும் பில்டர் எல்லாம் இருந்தன. மீன்தான் இல்லை. "மீனை நீயே பாத்து எடு அக்கா, ஒனக்குப் புடிச்சதா" என்று சொல்லிவிட்டு மறுநாளே திரும்பிப் போய்விட்டான்.

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து சற்றுத் தள்ளிக் கட்டிய புது வீடுகளில் ஒன்று அவர்களுடையது. ஜெயந்தினி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தைகளை அவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு பிள்ளை விழுந்து நெற்றி புடைத்தாலும், காய்ச்சல் கண்டாலும், தாய் வந்து நின்றவுடன் முதல் பேச்சாக அதைச் சொல்லிவிடுவாள். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். ஒருத்தி ஒரு தடவை கத்திவிட்டுப் போனதும் உண்டு. அதற்காக ஜெயந்தினி தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அவள் கணவன் பிரதாப் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். கைவேலை சுத்தம், குடி கிடையாது, யாரிடமும் குரல் உயர்த்த மாட்டான். ஒரே ஒரு குணம் மட்டும் ஜெயந்தினிக்குப் பிடிபடாமல் இருந்தது. யாருக்காவது மனம் நோகும்படி ஒன்றைச் சொல்லவேண்டி வந்தால், அந்த ஆள் இருக்கும் பக்கமே போகமாட்டான். ஒரு வீட்டு வேலையை ஏற்றுக்கொள்ள முடியாது என்றால், முடியாது என்று சொல்லமாட்டான். போகாமல் இருந்துவிடுவான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அதை அவள் ஒரு பெரிய குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

"மீனு எங்கங்க வாங்கலாம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நுவரெலியா போவோம். ஒரு ஞாயித்துக்கெழம பாத்து."

"ஹட்டன் டவுன்லயே ஒரு கடை இருக்காமே?"

"அங்க நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விட்டான். நுவரெலியாவுக்குப் போவதென்றாலும் ஹட்டனைத் தாண்டித்தான் போகவேண்டும். ஜெயந்தினிக்கு அது அப்போது தோன்றவில்லை.

அந்த வாரமே ஒரு கூட்டத்துக்காக அவள் ஹட்டனுக்குப் போகவேண்டி வந்தது. கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மழையும் இல்லை. பார்த்துவிட்டாவது வரலாம் என்று அந்த மீன்கடைக்குள் நுழைந்தாள்.

கடை நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது. இரண்டு பக்கமும் தொட்டிகள். கல்லாவுக்குப் பின்னால், அவளைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலியோடு, ஈரக் கையைத் துவாயில் துடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் கேத்ரின். அண்ணன் றோலண்ட் தொடங்கிய கடை அது. அவன் நீர்கொழும்புப் பக்கம் போன பிறகு அவள் நடத்துகிறாள்.

"கோல்ட் பிஷ் வேணும் அக்கா. வீட்டுல சின்னத் தொட்டி ஒன்னு இருக்கு" என்றாள் ஜெயந்தினி.

"தொட்டி எவ்வளவு பெருசு? தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சு?"

"இன்னும் ஊத்தல. மீனைக் கொண்டுபோயித்தான்."

"அப்ப இன்னைக்கு மீன் எடுக்காதீங்க. கோல்ட் பிஷ் அந்தத் தொட்டிக்குச் சரிவராது. மொதல்ல தண்ணிய ஊத்தி, பில்டரைப் போட்டு, ரெண்டு மூனு வாரம் சும்மா ஓடவிடணும்."

"சும்மான்னா, மீனே இல்லாமலா?"

"ஆமா."

கேத்ரின் அக்கறையோடுதான் கேட்டாள், வீடு எங்கே என்று. ஜெயந்தினி இடத்தைச் சொன்னாள். கணவர் வயரிங் வேலை செய்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கேத்ரின் துவாயை மடித்துக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"பிரதாப்பா?"

"ஆமா. தெரியுமா அவங்கள?"

"தெரியும். அவருக்கும் எனக்கும் ஒரு காலத்துல கல்யாணம் பேசினாங்க. நடக்கல. இது தெரியாம நீங்க இங்க வந்து போனா, நாளைக்கு யாராவது சொல்லக்குள்ள ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும். அதனால சொல்றேன்."

ஜெயந்தினி தலையை ஆட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் பிரதாப்புக்கு ஒரு வேதக்காரப் பெண்ணோடு பேச்சு இருந்தது என்று காதில் விழுந்திருந்தது. மாமியார் நாகலெட்சுமிதான் மதத்தைச் சொல்லித் தடுத்தாராம். அந்தப் பெண்ணுக்கு ஒரு முகமும் ஒரு கடையும் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினாள். பஸ் நோர்வூட்டைத் தாண்டுவதற்குள், கேத்ரின் தன்னை வேண்டுமென்றேதான் அலைக்கழித்திருக்கிறாள் என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். மீன் இல்லாத தொட்டியில் மூன்று வாரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறவள் வேறு எதற்குச் சொல்வாள்.

கடைக்குப் போனதைப் பிரதாப்பிடம் அவள் மறைக்கவில்லை. "கேத்ரினைப் பாத்தேன். அவங்களே சொல்லிட்டாங்க" என்றாள். பிரதாப் காதுவரை சிவந்துபோனான். "பழைய கதை" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நுவரெலியாவுக்குப் போனார்கள். அங்கே கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாலை விசிறிபோல் ஆட்டிக்கொண்டிருந்த நான்கு தங்கமீன்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். அன்று மாலையே அவை தொட்டியில் நீந்தின. வீட்டுக்கு ஒரு களை வந்துவிட்டது போல இருந்தது. பக்கத்து வீட்டு வீரம்மா பிள்ளைகளோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாளே தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கியது. பிள்ளைக் காம்பராவில் பால் போத்தலைக் கழுவுகிற கை ஜெயந்தினியுடையது. தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லைத் தேய்த்து, பில்டரின் பஞ்சையும் சவுக்காரம் போட்டு அலசி, புதுத் தண்ணீர் ஊற்றினாள். மறுநாளும் மங்கியது. மறுநாளும் கழுவினாள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இன்னும் தீனி போட்டாள். வாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாக நான்கும் செத்துப்போயின. கடைசி மீனை வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்தவள் அன்றும் மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. மீன்களுக்காக இவ்வளவா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும், தன் கையை நம்பி ஒப்படைத்த உயிர் தன் கையிலேயே போனது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

பிரதாப் தொட்டியைப் பார்க்காமல் சொன்னான். "விட்டுரு ஜெயந்தி. அதுல மண்ணப் போட்டு பூச்செடி வெப்போம்."

அவள் விடவில்லை. அடுத்த தடவை ஹட்டனுக்குப் போனபோது நேராகக் கேத்ரினின் கடைக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், சவுக்காரம் உட்பட. சவுக்காரம் என்றதும் கேத்ரின் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். சிரிக்கவில்லை.

"நீங்க வேணும்னே சொல்றீங்கன்னு நெனைச்சுட்டேன்" என்றாள் ஜெயந்தினி.

"நெனைப்பீங்கன்னு எனக்கும் தெரியும். நான் இந்தக் கடைக்கு வந்த புதுசுல கொன்ன மீனுக்குக் கணக்கே இல்ல. அண்ணன் திரும்பி வந்துருவானோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்." கேத்ரின் ஒரு தொட்டிக்குள் கையை விட்டு, பில்டரிலிருந்து பழுப்பேறிய பஞ்சு ஒன்றை எடுத்துக் காட்டினாள். "மீன் கழிக்கிறதெல்லாம் தண்ணியில நஞ்சாத் தங்கும். அதத் தின்னு தீக்குற உயிரு, கண்ணுக்குத் தெரியாதது, இந்தப் பஞ்சுலதான் குடியிருக்கு. புதுத் தொட்டியில அது இருக்காது. மெதுவாத்தான் வளரும். நீங்க வளரவளரக் கழுவி ஊத்திட்டீங்க."

"பாக்க அழுக்கா இருந்துச்சே."

"அழுக்குதான். ஆனா அது வேணும்."

அந்தப் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தாள். உங்கள் பில்டருக்குள் இதை வைத்துவிடுங்கள், தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு வாருங்கள், மீன் இருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும் என்றாள். ஜெயந்தினி அப்படியே செய்தாள். மீன் இல்லாத தொட்டிக்கு அவள் தீனி போடுவதைப் பார்த்துவிட்டு வீரம்மா உள்ளே குனிந்து மீனைத் தேடிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து மீன் எடுக்கப் போனபோது ஜெயந்தினி முதலில் நின்றது ஏஞ்சல் மீன் தொட்டிக்கு முன்னால். முக்கோணமாய், கறுப்பும் வெள்ளியுமாய், அசையாமல் மிதந்துகொண்டிருந்தன.

"அழகுதான்" என்றாள் கேத்ரின். "ஆனா உயரமான தொட்டி வேணும், வெதுவெதுன்னு தண்ணி வேணும். ஹீட்டர் போட்டுக்கலாம். மஸ்கெலியாவுல மழை புடிச்சா கரண்ட் எப்ப போகும்னு ஒங்களுக்கே தெரியும்."

"கப்பி?"

"கப்பி வளக்குறது லேசு. குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். ஒங்க தொட்டி சீக்கிரம் நெரம்பிரும். ஆம்பளையா மட்டும் எடுக்கலாம். கடுங்குளிரு வந்தா சுருண்டுக்கும், அதையும் சொல்லிறணும்."

"அப்ப எதுதான் அக்கா சரி?"

கேத்ரின் கீழ் வரிசைத் தொட்டி ஒன்றைக் காட்டினாள். விரல் நீளம்கூட இல்லாத மீன்கள், உடம்பு நெடுக நீலக் கோடுகளோடு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. "சீப்ரா. குளிரத் தாங்கும். எதப் போட்டாலும் தின்னும். சும்மா இருக்காது. தனியா விட்டா மட்டும் பயந்துரும், அதனால கொறஞ்சது ஆறு எடுக்கணும்."

ஜெயந்தினிக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஓடையில் பிள்ளைகள் துணி போட்டுப் பிடிக்கிற மீன் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க, ஒன்று முந்த மற்றவை துரத்துவதும், திடீரென்று எல்லாம் ஒன்றாகத் திரும்புவதும், பிள்ளைக் காம்பராவில் நடை பழகின பிள்ளைகளைப் போல இருந்தது. நிமிர மனம் வரவில்லை.

கேத்ரின் தீனியைத் தூவினாள். "ஓடிவந்து தின்னுறத மட்டும் காட்டுங்க. மூலையில நிக்கிறது வேணாம். செட்டையச் சுருக்கி வெச்சிருக்கிறதும் வேணாம்."

ஜெயந்தினி ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஆறாவதாக அவள் காட்டிய மீனுக்கு இடப்பக்கத்துக் கோடு ஒன்று நடுவில் அறுந்திருந்தது.

"கோடு அந்துருக்கு. வேற தரட்டா?"

"இல்ல, இருக்கட்டும். ஒன்னாவது அடையாளம் தெரியும்."

"வெளிய துள்ளிப் பாயிற மீனு இது. மூடியத் தொறந்து வெக்காதீங்க" என்று சொல்லிக் கேத்ரின் பையைக் கட்டினாள்.

ஆறும் பிழைத்தன. தண்ணீர் மங்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினாள். பிரதாப்பும் வேலையிலிருந்து வந்தவுடன் தொட்டிக்கு முன்னால் தேநீர்க் கோப்பையோடு உட்காரத் தொடங்கினான். கேத்ரினைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் மாலை ஜெயந்தினி தீனி போடும்போது கோடு அறுந்த மீனைக் காணவில்லை. எண்ணிப் பார்த்தாள். ஆறும் இருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் கோடு முழுசாக இருந்தது. ஒன்று மட்டும் மற்றதைவிடச் சின்னதாக, கூட்டத்தோடு சேராமல், பில்டருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது.

"என்னாங்க, இது பழைய மீனுதானா?"

"எது?" என்றான் பிரதாப், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அந்தச் சின்னது. கோடு அந்தது எங்க?"

"எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கு. ஒனக்கு அப்புடித் தோணுது."

பத்துப் பதினைந்து கைக்குழந்தைகளை அழுகைச் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லக்கூடியவள் அவள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அப்படித்தான் இருந்தது.

அடுத்த முறை ஹட்டனுக்குத் தீனி வாங்கப் போனபோது கேத்ரினிடம் கேட்டாள். "அவங்க இங்க வந்தாங்களா அக்கா?"

"வந்தாரு" என்றாள் கேத்ரின். "ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னாரு. நானா சொல்லமாட்டேன், அவங்க கேட்டா பொய் சொல்லமாட்டேன்னு அவருக்கிட்டயே சொல்லிட்டேன்." உள்ளே போய் ஒரு கறுப்புக் குடையை எடுத்து வந்தாள். "இத விட்டுட்டுப் போயிட்டாரு. அவ்வளவு அவசரம்."

அந்தக் குடையை மஸ்கெலியா பஸ்ஸில் தொலைத்துவிட்டதாகப் பிரதாப் சொல்லியிருந்தான்.

"வேற எதும் பேசினாங்களா?"

"இல்ல. ஒரு சீப்ரா வேணும்னாரு. சின்னதாத்தான் இருக்குன்னேன். பரவால்லன்னாரு." கேத்ரின் குடையைக் கல்லாவின் மேல் வைத்தாள். "நிச்சயம் பண்ண வர்றதா சொன்ன அன்னைக்கி எங்க வீட்டுல சமைச்சு வெச்சுட்டு இருந்தோம். பாதரும் வந்து உக்காந்திருந்தாரு. யாருமே வரல. பொறகு ஒரு கூட்டாளிக்கிட்டச் சொல்லி அனுப்பினாரு. அவங்கம்மா வேணாம்னு சொன்னதுல எனக்குக் கோவம் இல்லங்க. அது அவங்க மனசு. இவரு வந்து சொல்லியிருக்கலாம். நான் என்னா கடிச்சா தின்னுருப்பேன்? பழசுதான், எனக்கும் கல்யாணமாயிருச்சு, அன்டன் நல்ல மனுசன். ஆனா அன்னைக்கி அடுப்புல இருந்த கறி வாசம் இன்னும் மறக்கல."

ஜெயந்தினி தீனிப் பொட்டலத்தையும் குடையையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று பிரதாப் வீட்டுக்கு வந்தபோது குடை மேசை மேல் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சட்டைப் பொத்தானைக் கழற்றப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தான்.

"எப்புடிச் செத்துச்சு?" என்று அவள் கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"லைட்டு விட்டு விட்டு எரிஞ்சுச்சு. பாக்கலாம்னு மூடியக் கழட்டினேன். ஒரு போன் வந்துச்சு, வெளிய போயிப் பேசிட்டு வந்தேன். தரையில கெடந்துச்சு. காஞ்சு போச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ அந்தக் கோல்ட் பிஷ்ஷுக்கே ரெண்டு நாளு சாப்புடல."

"சாப்புடாம இருந்தா இருந்துட்டுப் போறேன். அது எம்பாடு. ஒங்ககிட்டக் கேட்டேனே, எனக்குத் தோணுதுன்னு சொன்னீங்க. நான் கண்ணு தெரியாதவளா?"

ஜெயந்தினிக்கு ஒரு விஷயம் விளங்காமலே இருந்தது. ஹட்டனில் இத்தனை வருடமாக அந்தத் தெருப்பக்கமே போகாதவன், மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயந்து, எந்த முகத்தைப் பார்க்கக்கூடாது என்று இருந்தானோ அந்த முகத்துக்கு முன்னால் போய் நின்றிருக்கிறான். அந்த முகத்தைப் பார்ப்பதைவிட இவளிடம் உண்மையைச் சொல்வதா அவனுக்குக் கஷ்டமாக இருந்தது? யோசித்தபோது கோபத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மீனப் பத்தி எங்கிட்டச் சொல்லிட்டீங்க. அது முடிஞ்சுச்சு" என்றாள். "அங்க ஒன்னு சொல்லாம கெடக்கு. அதையும் போயிச் சொல்லிட்டு வாங்க."

"இத்தன வருசத்துக்குப் பொறகா? அவ என்னா நெனைப்பா?"

"அவங்க நெனைக்கிறத நெனைக்கட்டும். நீங்க சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமை இருவரும் ஹட்டனுக்குப் போனார்கள். ஜெயந்தினி கடைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டாள். பிரதாப் தெருவைக் கடந்தான். கடை வாசலில் நின்றான். உள்ளே இருந்த ஒரு வாடிக்கையாளர் போகும்வரை நின்றுகொண்டே இருந்தான். திரும்பி வந்துவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் உள்ளே போனான். கண்ணாடி வழியே அவன் முதுகு மட்டும் தெரிந்தது. கேத்ரின் ஒரு வலையைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவன் தலை குனிந்திருந்தது. அதிக நேரம் ஆகவில்லை.

தேநீர்க் கடைக்கு வந்து உட்கார்ந்தவன் அவளுடைய கோப்பையில் மீதியிருந்ததை எடுத்துக் குடித்தான்.

"சொல்லிட்டேன்" என்றான் அவனாகவே. "அன்னைக்கி நான் வந்திருக்கணும்னு சொன்னேன்."

"ம்."

"‘சரி’ன்னு சொன்னா. அவ்வளவுதான். பொறகு, தண்ணிய ஒழுங்கா மாத்துறீங்களான்னு கேட்டா."

ஜெயந்தினி சிரித்துவிட்டாள். பிரதாப்புக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது, வழக்கத்துக்கு மாறாக, நோர்வூட் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தான். அன்று கேத்ரின் வீட்டில் சமைத்து வைத்திருந்தார்கள் என்பதே ஜெயந்தினி சொல்லித்தான் அவனுக்குத் தெரியுமாம்.

அதன் பிறகு அவன் ஒரேயடியாக மாறிவிட்டான் என்று சொல்ல முடியாது. ஏற்க முடியாத வேலைகளுக்குப் போகாமலே இருந்துவிடுவது இன்னமும் உண்டு. ஜெயந்தினி ஹட்டனுக்குப் போகும்போதெல்லாம் கேத்ரினின் கடைக்குப் போனாள். இருவரும் மீனைத் தவிர வேறு அதிகம் பேசிக்கொள்வதில்லை. புதிதாக வந்த சின்ன மீன் பில்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து மற்றவற்றோடு ஓடப் பழகிவிட்டது.

ஆடி மாத மழையில், மூன்று நாள் வெயிலே காணாமல் இருந்த சமயத்தில், ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் பிரதாப் அதிகம் பேசாமல் இருந்தான். அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்ததும் சொன்னான்.

"ஒரு மீனு செத்துருச்சு ஜெயந்தி. பெரிசு. அந்தியில பாத்தேன். அப்புடியே தண்ணியிலதான் கெடக்கு, எடுக்கல."

"பாத்த ஒடனே சொல்றதுக்கென்ன?"

"சாப்புட்டு முடிக்கட்டும்னு பாத்தேன்."

ஜெயந்தினி அவனைப் பார்த்தாள். பிறகு வலையை எடுத்துக்கொண்டு, விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, தொட்டியின் மூடியைத் திறந்தாள்.